மாமாவின் தலைச் சவுக்காரம்

என் தாய்மாமனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அன்பு அதற்குப் பிறகு வரும். சில நாட்களில் அதுவும் வராது. செத்தவரோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது கோபித்துத் தீர்க்க அவர் இடம் கொடுக்கவில்லையே, நான் என்ன செய்ய?

அவர் என் அம்மாவுக்கு நேரே இளையவர். கலியாணம் கட்டவில்லை. உடுப்பிட்டிப் பக்கம் ஒரு கல்லூரியின் விஞ்ஞான அறையில் வேலை. ஆசிரியர் அல்ல. ஆசிரியர் கேட்கும் திராவகங்களை அளந்து கொடுப்பதும், பாடம் முடிந்ததும் போத்தல்களைக் கழுவி அடுக்குவதும் அவர் பொறுப்பு. மைத்துனர் என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் எங்கள் தகப்பன், நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிறவர், "அவன் போத்தல் கழுவுறான்" என்பார். மாமா பக்கத்தில் இருந்தாலும் சொல்வார். மாமா சிரிப்பார். "ஓம் அத்தான். ஆனால் நான் அளந்ததிலை இண்டைவரைக்கும் ஒருத்தரும் பிழை பிடிக்கேல்லை."

அது உண்மை. அவரிடம் காணி இல்லை, பட்டம் இல்லை, நல்ல சைக்கிள்கூட இல்லை. அளவு ஒன்றுதான் இருந்தது.

உலகச் சண்டைக் காலம். இந்தியாவிலிருந்து வந்த சாமான்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, சீயாக்காயும் நின்றது. கரவெட்டியில் எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள். அக்காவின் கூந்தல் முழங்காலைத் தொடும். உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைத் தலையில் போட்டால் முடி வைக்கோலாகிவிடும். அம்மா புலம்பியதைக் கேட்ட மாமா, "நான் காய்ச்சித் தாறன்" என்றார்.

காய்ந்த வாழைமட்டைகளை எரித்து, அந்தச் சாம்பலை ஊறவைத்து, தெளிந்த காரநீரை வடித்து எடுத்தார். அதைத் தேங்காயெண்ணெயோடு சேர்த்துக் கிணற்றடியில் கல்லடுப்பு மூட்டி மணிக்கணக்காகக் கிண்டினார். வாழைச் சாம்பலில் செய்தால் அது கட்டியாக இறுகாதாம், கூழாகவே நிற்குமாம். கூழைத் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் விட்டால் வெள்ளைக்காரப் பெண்கள் போடுகிற தலைச் சவுக்காரம் தயார்.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு தலை வேண்டியிருந்தது. அக்காவின் தலையை அம்மா தரமாட்டார். எனக்குப் பத்து வயது. என் தலையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

முதல் முறை காரம் கூடிவிட்டது. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் மண்டை எரிந்தது. நான் கிணற்றடியைச் சுற்றி ஓட, மாமா கொப்பியும் பென்சிலுமாகப் பின்னாலேயே ஓடிவந்து, "எவ்வளவு எரியுது, பிள்ளை? காதடியிலையும் எரியுதோ?" என்று கேட்டார். இரண்டாம் முறை எண்ணெய் கூடியது. மூன்றாம் முறை அளவு சரி. அப்படியிருந்தும் முடி பிசின் பிடித்ததுபோல் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் இடம் மாறிப் போனாள். அன்றிரவு மாமா எங்கள் வீட்டில் சாப்பிடாமலே போனார்.

அடுத்த கிழமை இரண்டு போத்தல்களோடு வந்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு கூழை விட்டு என் முன்னால் குலுக்கினார். மழைத்தண்ணீர்ப் போத்தலில் நுரை கழுத்துவரை ஏறியது. மற்றதில் திரைந்த பால்போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன.

"சவுக்காரத்துக்கு இரண்டு முனை, பிள்ளை" என்றார் மாமா. அவர் என்னோடு கதைத்தாரா தன்னோடேயே கதைத்தாரா தெரியாது. "ஒண்டு எண்ணெயைப் பிடிக்கும். மற்றது தண்ணியைப் பிடிக்கும். தண்ணி ஓடேக்கை எண்ணெயும் அழுக்கும் அதோடை இழுபட்டுப் போகும். ஆனால் எங்கடை கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கிடக்கு. சவுக்காரத்தைக் கண்ட உடனை அது தான் போய்ப் பிடிச்சுக்கொள்ளும். பிறகு அழுக்கைப் பிடிக்க ஆளில்லை. பிடிச்ச சுண்ணாம்பு தலைமயிரிலை ஒட்டிப்போகும்."

மாரி மழை அடித்த நாளில் முற்றத்தில் நான்கு தடி நட்டு, தோய்த்த வேட்டியொன்றைக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே பானை வைத்தார். இரண்டு பெரிய பானை மழைத்தண்ணீர் சேர்ந்தது. அதில் கொஞ்சம் எடுத்து என் முடியில் ஒரு கற்றையை மட்டும் கழுவிப் பார்த்தார். அந்தக் கற்றை விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது. மாமா சின்னப்பிள்ளைபோலக் கை தட்டினார்.

"முதல் போத்தல் உனக்குத்தான். கொம்மாவுக்கும் இல்லை, கொக்காவுக்கும் இல்லை" என்றார்.

அம்மாவுக்கும் அக்காவுக்கும் முன்னால் எனக்கு என்பதை நான் நம்பினேன். எரிந்தது என் தலை. ஒட்டியதும் என் தலை. எனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

தை பிறந்ததும் சுன்னாகத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். வருகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக மாமா போத்தலைக் கொண்டுவந்தார். அம்மா கையை நீட்டினார். மாமா என்னைப் பாராமலே கொடுத்தார். நான் அலறினேன்.

"அடுத்த போத்தல் உனக்கு" என்றார் மாமா.

"உன்ரை எலிவாலுக்கு உது ஒண்டுதான் குறைச்சல்" என்று அம்மா என் தலையில் குட்டினார். அக்கா சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர்ப் பானைகள் சமையல் குசினிக்குப் பின்னால் துணி கட்டி வைக்கப்பட்டிருந்தன. நான் முதல் பானையைச் சரித்து வாழைக்குள் ஊற்றினேன். இரண்டாவதையும் ஊற்றினேன். பிறகு துலாவை இழுத்து, கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி இரண்டையும் நிரப்பி, துணியை முன்போலவே கட்டினேன். என்ன நடக்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். மாமா காட்டித் தந்த பாடம்.

அக்கா கிணற்றடிக் கல்லில் குந்தியிருந்தாள். அம்மா வார்த்தார். மாமா மரியாதைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நுரை வந்ததோ?"

"நுரையும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றார் அம்மா.

"எண்ணெய் கூடவாக்கும். இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

விட விட மோசமானது. போத்தல் முடிந்தபோது அக்காவின் கூந்தல் கயிறு கயிறாகத் திரண்டு தொங்கியது. இடையிடையே வெள்ளைத் துணுக்குகள். சீப்பு இரண்டு விரல்கூட இறங்கவில்லை. "அம்மா, பிச்சு எடுக்காதேங்கோ" என்று அக்கா அழுதாள். அந்தச் சத்தத்துக்கு ஐயா வந்தார்.

மாமா வேலியைத் தாண்டி ஓடிவந்தார். அக்காவின் முடியைத் தொட்டுப் பார்த்தார். பானைக்குள் கையை விட்டு, உள்ளங்கைத் தண்ணீரில் போத்தலின் கடைசிச் சொட்டைக் குழைத்தார். அது திரைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

நான் ஒளியவில்லை. சொல்லட்டும், நானும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா செய்தனி என்ரை பிள்ளையை?" என்றார் ஐயா.

மாமா கையை வேட்டியில் துடைத்தார். "அளவு பிழைச்சுப் போச்சு, அத்தான்."

ஐயா சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. போத்தல் கழுவுகிறவனுக்கு விஞ்ஞானம் ஒரு கேடா என்பது அதில் மிக மென்மையானது. இனி இந்தப் படலையைத் தாண்டி வந்தால் காலை முறிப்பேன் என்றார். மாமா வெறும் போத்தலை எடுத்துக்கொண்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைவரை போனவர் திரும்பி அம்மாவிடம், "தேசிக்காய்ப் புளியைத் தண்ணியிலை கலந்து ஊத்துங்கோ, ஒட்டினது விட்டிடும்" என்றார்.

"இன்னும் ஒரு வைத்தியமோ?" என்று ஐயா கத்தினார்.

மாமா போய்விட்டார். அம்மா குசினிச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ஐயா வெளியே போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எலுமிச்சை மரத்திலிருந்த தேசிக்காயெல்லாவற்றையும் பிடுங்கிப் பிழிந்தார். மூன்று தரம் வார்த்ததும் அக்காவின் முடி ஒவ்வொன்றாகப் பிரிந்தது. மாலைக்குள் சீப்பு இறங்கியது.

எனக்கு அன்று முழுவதும் ஆத்திரம் அடங்கவில்லை. முதலில் என் போத்தலைப் பறித்து அக்காவுக்குக் கொடுத்தார். இப்போது நான் செய்ததையும் பறித்துத் தன்னது என்று சொல்லிவிட்டாரே என்று கொதித்தேன். என் கோபம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை என்று நினைத்தேன்.

சுன்னாகத்தார் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. கலியாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஐயா தூரத்து உறவு ஒருவரை நிறுத்தினார். வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். ஒரு பிள்ளையின் தலையைப் பாழாக்கப் பார்த்தவன் என்று மாமாவின் பெயர் ஊர் முழுக்கப் போயிற்று. அவர் பிறகு சவுக்காரம் காய்ச்சியதாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. கல்லூரி வேலையையும் விட்டுத் திருகோணமலைக்குப் போனார். இரண்டாம் வருடம் அங்கே காய்ச்சலில் இறந்தார். ஐயா அம்மாவைச் செத்தவீட்டுக்கு அனுப்பவில்லை.

நான் சொல்லவில்லை. பத்து வயதில் கோபத்தால் சொல்லவில்லை, பன்னிரண்டில் பயத்தால் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஆள் இல்லை.

ஐயாவும் போனபின், அம்மா என்னோடு வந்து இருந்த காலத்தில் ஒருநாள் சொன்னேன். தண்ணீரை மாற்றியது நான்தான் என்றேன். அம்மா அதிரவில்லை. முந்தானையின் ஓரத்தை மடித்துப் பிரித்தார்.

"எனக்குத் தெரியும். நீ கிணத்திலை அள்ளி ஊத்தினதைக் குசினிக்குள்ளை நிண்டு பாத்தனான்" என்றார். "தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதானே, அவன் பைத்தியம் மாதிரிக் கதைக்கிறான் எண்டு பேசாமல் வாத்தனான். அவன் என்னைப் பாக்கேக்கை அவனுக்கும் அது விளங்கிட்டுது."

"அப்ப ஏன் ஐயாவுக்குச் சொல்லேல்லை?"

"கொய்யா உன்னைக் கொன்றுபோட்டிருப்பார்" என்றார். பிறகு, "என்னையும்தான்" என்றார்.

அன்று குசினிச் சுவரில் தலையை வைத்து அம்மா அழுதது அக்காவின் கூந்தலுக்காக என்றுதான் அந்தப் பத்து வயதில் நான் நினைத்திருந்தேன்.