கர்ச்சீப் சார்

வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையைக் குழாயில் நனைத்து, எங்கள் அம்மன் கோயில் கம்பிக் கதவில் காயப் போட்டுவிட்டு, கைகட்டி நிற்பார் வைத்தீஸ்வரன் சார். தினமும் காலை ஆறு மணிக்கு இதுதான். காய்ந்த துணி வெள்ளையாகவே இருந்தால் தண்ணீரில் இரும்பு இல்லை. மஞ்சள் ஏறினால் இருக்கிறது.

கதவோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவள் நான், அதனால் எல்லாம் தெரியும். கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெரு போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிவிடும். அம்மனின் அபிஷேகக் குடமே கறை பிடித்துக் கிடந்தது. சார் பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த, இரும்பைப் பிடித்துவைக்கும் கறுப்பு மணலை ஆள் உயரத் தொட்டியில் நிரப்பி, கோயில் குழாயில் பொருத்தினார். அந்த வேலையையும் விட்டுவிட்டு, திருமுடிவாக்கத்தில் ஷெட் எடுத்து, இதையே தொழிலாக்கப் பார்த்தார்.

தொட்டியை 'இவன்' என்பார். சட்டைப் பையில் பேனா இருக்காது, கர்ச்சீப்தான் நாலு இருக்கும். குடத்தோடு வரும் ரேணுகாம்பாள் விடமாட்டாள். "இன்னா கர்ச்சீப் சார், வூட்ல கொடி கட்ட எடமில்லியா?" சார் சிரிப்பார். அவர் மனைவி கீதா டீச்சர் சிரிப்பதில்லை. தைக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் ட்யூஷன் எடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

நாலு மாதம் துணி வெள்ளையாகவே காய்ந்தது. போன வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். அவர்களும் வேண்டாமென்றால் ஷெட்டை மூடவேண்டியதுதான் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கென்று துணி மஞ்சளாகக் காய்ந்தது.

கார் வந்து நின்றதும், பூவை மூடி வைக்கும் சின்ன வெள்ளைத் துணியை அவரிடம் நீட்டினேன். இதைக் காட்டுங்க சார் என்றேன். அம்மன் முன்னால் அப்படிச் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

அவர் வாங்கவில்லை. "நீங்களும் இந்தத் தண்ணியைத்தானே அக்கா குடிக்கிறீங்க" என்றார்.

மஞ்சள் துணியை அவர்கள்முன் விரித்தார். பல்கலைக்கழகத்தில் இதே மணல் கை நீளக் கண்ணாடிக் குழாயில் மூன்று வருஷம் நன்றாக ஓடியதைச் சொன்னார். "இங்க நாலே மாசத்துல இவன் களைச்சுட்டான் சார். ஏன்னு எனக்கு இன்னும் தெரியல."

அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். குங்குமம்கூட வாங்கி இட்டுக்கொண்டார்கள். மறுபடி வருவதாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் ரேணுகாம்பாள் குடத்தோடு வந்தாள். இன்றைக்குத் தண்ணீர் பிடிக்காதேம்மா என்றார் சார். அவள் கிண்டல் பண்ணாமல் நின்றாள். அவர் குனிந்து, அந்த மஞ்சள் கர்ச்சீப்பைக் குழாய் வாயில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு பையிலிருந்த மற்ற மூன்றையும் எடுத்து, ஒன்றொன்றாக நீவி மடித்து, என் பூக்கூடைமேல் வைத்தார்.