தேனில் ஊறிய பேரீச்சம்பழம்

ஆறு வருடங்களுக்கு முன், ஏற்காட்டில் மழை விடாத ஓர் ஐப்பசியில் தொடங்கியது இது. என் கணவர் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

ஒரு வருடமாகவே அவர் என்னை நெருங்குவதில்லை. படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிரசவத்துக்குப் பிறகு நான் பருத்துவிட்டதுதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாமியார் வேறு, "ஒத்தப் புள்ளையோட நிறுத்திக்கிட்டியா கண்ணு?" என்று நாள் தவறாமல் கேட்பார்.

என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவிதான், காதோடு சொன்னார்: "மலைத்தேன்ல பேரீச்சம்பழத்தை ஊறப்போட்டு ஒரு மண்டலம் குடு. அப்பறம் பாரு உன்ற ஊட்டுக்காரரை!" சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பக்கத்து மலைக்கிராமமான கரடியூரில் சொல்லிவைத்துத் தேன் வாங்கினேன். தினமும் காலையில் ஐந்து பழம், மேலே ஒரு கரண்டி தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது. மண்டலம் முடிந்தும் பலனில்லை. நான் ஏழு பழமாக்கினேன்.

அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போவார். மலைக் குளிருக்கு எல்லோருக்கும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். மகளுக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸ், பேச்சுவாக்கில் நான் இதைச் சொன்னதும், "ஏனுங்க, ஊட்டுக்காரரையும் வரச் சொல்லுங்க, சுகர் பாத்துரலாம்" என்றபோதுகூட, "அவருக்கு முப்பத்தஞ்சு வயசுதானுங்க ஆகுது" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் குளிர்காய்ச்சல். சிறுநீர் பிரியாமல் துடித்தார். சேலத்துக்கு ஓடினோம். ப்ராஸ்டேட் சுரப்பியில் கிருமித் தொற்று என்றார் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம், வெகு நாளாகவே இருந்திருக்கிறது. அதனால்தான் தொற்று சுலபமாகப் பற்றியது, நரம்புகளும் ரத்தக் குழாய்களும் பழுதாகித் தாம்பத்தியமும் தடைப்பட்டது என்று விளக்கினார்.

"வீட்ல என்னம்மா சாப்பிடறார்?"

தேனையும் பழத்தையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க" என்றார்.

கணவர் என்னைப் பார்க்கவில்லை. "இதை யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலைங்க டாக்டர்" என்றார், தரையைப் பார்த்தபடி. பக்கத்து நாற்காலியில்தான் நான் இருந்தேன்.

சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பழுதான நரம்பு முழுதாகத் தேறவில்லை. இரண்டாவது குழந்தை இல்லை. மாமியார் இன்றும் என்னைத்தான் குறை சொல்கிறார். நான் வாய் திறப்பதில்லை.

மகள் ஒருமுறை இருமினாலே இரண்டு டாக்டர்களிடம் ஓடுகிற நான், பக்கத்தில் படுத்திருந்தவரிடம் "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று ஒரு வருடம் கேட்கவில்லை, இப்போது தினமும் கேட்கிறேன், அவர் "ஒண்ணுமில்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.