மியூனிக் நகரில் சண்முகம் மாஸ்டர் நடந்த நடை

சண்முகம் மாஸ்டர் காலமான செய்தியை அவருடைய மைத்துனர்தான் ஹந்தானையிலிருந்து இறங்கி வந்து சொன்னார். நான் கடையில் ஒரு பெண்ணுக்குச் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தேன். "நானா, மச்சான் தவறிட்டாருங்க. விடியக்காலம் தண்ணி கேட்டாரு, குடிச்சாரு, அவ்வளவுதான்" என்றார். அளந்த துணியையே மறுபடியும் அளந்துகொண்டு நின்றேன். அந்தப் பெண்தான் என் கையிலிருந்து முழக்கோலை வாங்கி வைத்தாள்.

கண்டியில் நம் தெருவில் கோட்டுத் தைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். மடவளையிலிருந்து வந்து துணிக்கடை போட்டு, தெருவுக்கெல்லாம் முஸ்லிம் 'நானா'வாகிவிட்ட எனக்கும், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களின் லயத்து வீட்டில் பிறந்து தையற்காரரான அவருக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. என்னிடம் துணி வாங்கியவர்கள் அப்படியே அவரிடம் அளவு கொடுக்கப் போவார்கள். அவருடைய கடைப் பலகையில் 'ஜெர்மனி சென்று திரும்பியவர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் செருக்கும் உண்டு. வாய் முழுக்கக் குண்டூசியை வைத்துக்கொண்டு, தோளளவு எடுத்தபடியே ஜெர்மனியைப் பற்றிப் பேசுவார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

பெரும்பாலும் அவர் சொல்வது மியூனிக் நகரத்தை ஒருநாள் தனியாகச் சுற்றிப் பார்த்த கதைதான். வழிகாட்டி இல்லாமல் நடந்து பார்ப்பவர்களுக்கென்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் அவருக்கு ரயில் நிலையத்தில் கிடைத்ததாம். பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் இலக்கம் போட்டு, போகும் வழியை அம்புக்குறியால் காட்டியிருந்ததாம். பழைய கோட்டைவாசலில் தொடங்கி, தாளைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக நடந்தார். இரட்டைக் கோபுரத் தேவாலயம் ஒன்றினுள், வாசலுக்குப் பக்கத்துக் கல்லில் கறுப்பாக ஒரு பாதச்சுவடு இருந்தது. சிவனொளிபாதமலைக்கு ஏறி, அங்குள்ள பாதச்சுவட்டைக் கும்பிட்டு இறங்கியவர் அல்லவா? சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் தாளில் அந்த இலக்கத்தைத் தேடி வாசித்திருக்கிறார். அது சாத்தானின் பாதம் என்று போட்டிருந்ததாம். "நானா, சைத்தானுக்குக் கும்பிடு போட்ட ஒரே டெய்லர் ஒலகத்துல நான்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். சொல்லும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பார்.

தேவாலயத்திலிருந்து கதை நேராகக் காய்கறிச் சந்தைக்குப் போய்விடும். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு. இடையில் ஏதும் இருந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை.

நம் வாசகசாலையில் ஒருமுறை 'ஒரு ஜெர்மன் நகரத்தின் காட்சிகள்' என்று அவரைப் பேச அழைத்தார்கள். தானே தைத்த சாம்பல் நிறக் கோட்டில் வந்து, கைகளை வீசி நன்றாகப் பேசினார். பாதச்சுவட்டுக் கதைக்குச் சபை கைதட்டியது. சந்தைக்குப் போகும் இடத்தில், அரசாங்கக் கச்சேரியில் எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "மாஸ்டர், அங்க நகரமண்டபத்துக் கோபுரத்தில பெரிய மணிக்கூடு ஒண்டு இருக்கெண்டு படத்தில பாத்தனான். மணி அடிக்கேக்க பொம்மையள் ஆடுமாம். நீங்கள் அதைப் பாக்கேல்லையோ?"

அவர் வஞ்சகமாகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தேங்க" என்றார். "அதச் சொல்றதுக்கு மின்னாடி வேற ஒண்ணு சொல்லணும்."

ஒரு கம்பெனிக்கு உடுப்புத் தைக்க ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் ஏஜெண்டு அவரைக் கப்பலேற்றியிருக்கிறான். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது அது என்ன கம்பெனி என்று. ஊருக்கு வெளியே ஒரு திடலில் வேலி போட்டு, ஓலைக்குடிசைகள் கட்டி, யானைகளோடு நம் நாட்டு ஆட்களையும் உட்காரவைத்து, டிக்கெட்டு வாங்கி வருகிறவர்களுக்குக் காட்டினார்கள். காலையில் உடுப்புத் தைப்பார். பிற்பகலில் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள்.

"அப்ப ஒங்களையும் வேலிக்குள்ள வச்சிக் காட்டினாங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமாங்க. ஒடம்புல சாயம் பூசி, கையில ஈட்டி குடுத்து."

சபை சிரித்தது. இரண்டு மூன்று பேர் இருமுவது போலத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோட்டையும் அந்த ஈட்டியையும் சேர்த்து நினைத்துப் பார்த்தார்களோ என்னவோ! நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்குக் காது சுட்டது. மாஸ்டர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, மீதியையும் சொன்னார்.

மேனேஜருக்கு ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்ததால் அவருக்கு மட்டும் ஒருநாள் வெளியே போக அனுமதி கிடைத்திருக்கிறது. மிஞ்சிய துணியில் தனக்கும் ஒரு கோட்டுத் தைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு, தாளின்படி நடந்து, அந்தக் கோபுரத்தடிக்குப் போனார். சதுக்கம் நிறையச் சனம். எல்லோரும் அண்ணாந்து பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மூலையிலிருந்து மேளச்சத்தம் கேட்டது. காட்சிக்கு ஆள் சேர்க்கக் கம்பெனிக்காரர்கள் யானைகளையும் ஆட்களையும் ஊர்வலமாக நடத்தி வந்திருக்கிறார்கள். முன்னால் வெற்றுடம்போடு மேளம் அடித்து வந்தவர் கருப்பையா. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக்காரர். கப்பலில் மாஸ்டருக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்.

"என்னைய கண்டுட்டாரு. கோட்டுல கண்டதுல அவருக்குச் சந்தோசம். 'சம்முகம்! டேய் சம்முகம்!'னு மேளத்த நிப்பாட்டிட்டுக் கூப்புட்டாரு. அம்புட்டுச் சனமும் என்னையப் பாத்திச்சி. பக்கத்துல நின்ன தொரை ஒருத்தர் இங்கிலீசுல கேட்டாரு, 'நீங்களும் அவங்க ஆளா?'ன்னு. இல்லைன்னேன். இந்தியாவுலேருந்து டாக்டருக்குப் படிக்க வந்தவன்னேன். அவரு தொப்பியக் கழட்டி மரியாத செஞ்சாரு. நான் தலையக் குனிஞ்சி தாளப் பாத்தேன். கருப்பையாண்ணே இன்னும் ரெண்டு தரம் கூப்புட்டாரு. அதுக்கப்புறம் கூப்புடல."

மாஸ்டர் மேலும் சொன்னார்.

"ராத்திரி குடிசைக்குப் போனேன். எனக்குச் சோறு எடுத்து மூடி வச்சிருந்தாரு. ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. அந்தச் சோத்தச் சாப்புட்டேங்க."

நன்றியுரை சொல்ல யாரும் எழவில்லை. கச்சேரிக்காரர் மட்டும் அருகே போய், "அது கம்பெனிக்காரன்ர பிழை, மாஸ்டர். நீங்கள் என்ன செய்யிறது?" என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார். "அவன் என் சட்டையத்தாங்க கழட்டினான். மொகத்தத் திருப்பினது நான்."

மறுநாள் கடைப் பலகையை இறக்கி ஜெர்மனியைச் சுரண்டி எடுத்துவிட்டார். தெரு அவருக்கு வேறு பெயர் வைத்தது. அதை இங்கே எழுத மாட்டேன், வைத்தவர்களுக்குத் தெரியும். சில கனவான்கள் கோட்டுத் தைக்க வேறு கடைக்குப் போனார்கள். அவரை வேலிக்குள் உட்காரவைத்தவர்கள் எங்கோ தூரத்து ஜெர்மனியில் இருந்தார்கள். வேலிக்குள் இருந்ததற்காக அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மோடுதான் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு அது கூச்சமாகத்தான் இருக்கிறது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "நானா, ஹுன்னஸ்கிரியாவுக்கு என்கூட வர்றீங்களா? தனியாப் போனா பாதியில திரும்பிருவேன்" என்றார். தெல்தெனியா வழியாகப் பஸ்ஸில் போய், மீதியை ஏறி நடந்தோம். தோட்டங்களில் துணி விற்றுப் பழகியவன் ஆதலால் கங்காணியிடம் நான் பேசி உள்ளே கூட்டிப் போனேன்.

கருப்பையா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஊர் திரும்பிய பிறகு இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லையாம். மாஸ்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேட்டது, கேட்காதது போல நின்றது, டாக்டருக்குப் படிக்கிறேன் என்றது, ஒன்றையும் குறைக்கவில்லை. கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கருப்பையா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி," என்றார், "நான் இல்ல ஒன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? நீ அங்க ஒரு மனுசனா நின்னுக்கிட்டிருந்த. நான் பறை மேளத்தோட போயிக் கத்தி ஒன்னையக் காட்டிக் குடுத்துட்டேன். இத்தன வருசமா அதத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். அதுனாலதான் கண்டிப் பக்கம் வந்தாலும் ஒன் கடைக்கு வரல."

மாஸ்டரால் அதைத் தாங்க முடியவில்லை. "அப்புடிச் சொல்லாதீங்கண்ணே. ஒரு வார்த்த திட்டிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கருப்பையா திட்டவில்லை. தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான், "இனியாவது மனசு லேசாச்சா?" என்று கேட்டேன். "இல்ல, நானா. அவரு திட்டியிருந்தா எறங்கியிருக்கும். இப்ப அவரு சொமந்ததும் என் கணக்குலதான்" என்றார். அதன் பிறகு இருவரும் போக்குவரத்தாக இருந்தார்கள் என்பது உண்மை. கருப்பையா வரும் நாளில் மாஸ்டர் மெஷினை மிதிக்க மாட்டார்; அவரோடு வெளியே போய்விடுவார். ஆனால் பழைய சிரிப்பு மாஸ்டருக்குத் திரும்பவில்லை. சைத்தான் கதையையும் பிறகு சொல்லவில்லை.

இறுதிச் சடங்குக்கு நம் தெருவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தீர்கள். வந்ததற்கு அவருடைய வீட்டார் நன்றி சொல்லச் சொன்னார்கள். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னபோது எல்லோரும் கோட்டைப் பற்றியே பேசினோம், நானும்தான். தோள் எவ்வளவு சரியாக உட்காரும் என்றோம். பேச வேண்டியதை அன்று பேசாததால்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஹுன்னஸ்கிரிய லயத்து வாசலில் அவர் நின்ற நிலை. பழியைப் போட்டுச் சாட்டுச் சொல்ல அவருக்கு ஏஜெண்டு இருந்தான், கம்பெனி இருந்தது, குளிர் இருந்தது. எல்லாம் உண்மையான சாட்டுகள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் வாயில் எடுக்கவில்லை. நான் தவறு செய்து, ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டி வரும்போதெல்லாம் என் நாக்கில் சாட்டுகள்தான் முதலில் வருகின்றன. அப்போது அவர் என் பக்கத்தில் வந்து நிற்கிறார். சில தடவை அவற்றை விழுங்கிவிடுகிறேன்.