மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி

தம்பியும் நானும் மன்னாரிலிருந்து வேறு வேறு வழியால் வெளிக்கிட்டோம். நான் படகில் வந்து, கடைசியில் ஆஸ்திரேலியாவில் டண்டினொங்கில் கோழி இறைச்சி பொதி செய்யும் வேலையில் சேர்ந்தேன். அவனுக்குப் பிரித்தானியாவில் இருக்க அனுமதி கிடைத்தது. வேல்ஸில் ஒரு சிறிய ஊரில் கடை ஒன்றை எடுத்து நடத்தினான்.

நான் வேலை முடிந்து வரும் மாலையில் அவனுக்கு அங்கே காலை. கடை திறக்கப் போகும்போது போனில் ஊரைக் காட்டிக்கொண்டே நடப்பான். இரண்டு மலைகளுக்கு நடுவே ஆறு, ஆற்றோடு போகும் ஒரே தெரு, ஒன்றோடொன்று ஒட்டிய கல் வீடுகள். பின்னால் கருநீலமாக நின்றதையும் மலை என்றே நினைத்திருந்தேன். அது சிலேட்டுக் கல் வெட்டிக் கொட்டிய கழிவு என்றான். கல் வெட்டுவதை நிறுத்தி வெகு காலமாம். வேலை போன பிறகும் சனம் போகவில்லை. தங்களுக்குள் வெல்ஷில் கதைப்பவர்கள் இவனைக் கண்டதும் இங்கிலிஷுக்கு மாறுவார்கள்.

"எனக்காக மாத்த வேண்டாமெண்டு சொன்னனான், அக்கா. இப்ப என்னோடையும் வெல்ஷிலதான் மழையைப் பற்றிக் கதைக்கினம்," என்று சிரித்தான்.

பிறகு அவனுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸும் குறைவு. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வயதான ஓர் அம்மா தன் காரில் ஏற்றிப் போனார். அவருக்கு ஏலாத நாட்களில் தெருவில் வேறு யாராவது. அந்த மாரியில் பனி கொட்டி மலைப்பாதை மூடிக் கிடந்தது, சிகிச்சை தவறியது. அதனால்தான் முற்றியது என்று டாக்டர் சொல்லவில்லை. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்னிடம் இருந்தது தற்காலிக விசா. வழக்கறிஞரிடம் கேட்டேன். போகலாம், திரும்பி வர விடமாட்டார்கள் என்றார். பள்ளிக்கூடம் போகும் மகள் எனக்கு இருந்தாள். தம்பியிடம் சொல்வதை நாளுக்கு நாள் தள்ளினேன். ஒருவழியாகச் சொன்னபோது, "பிள்ளையை விட்டிட்டு வராத, அக்கா," என்றான். பிறகு, "இஞ்ச ஆக்கள் நிக்கினம்தானே," என்றான்.

அடக்கத்தின்போது அந்த அம்மாதான் எனக்குக் காட்டப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடை வாசலிலிருந்து அவனைப் புதைக்கும் சேமக்காலை வரை தெருவின் இரு பக்கமும் சனம் மழையில் நின்றது. யாரோ தொடங்க, எல்லோரும் வெல்ஷில் பாடினார்கள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. பாட்டு முடிவதற்குள் போன் நனைந்து நின்றுவிட்டது.

மண் இறங்கட்டும், பிறகு கல்லறைக் கல் வைக்கலாம் என்று அவர் அடுத்த வாரம் போனில் சொன்னார். மண் இறங்குவதற்குள் அவரை மகன் வேறெங்கோ முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். அவருடைய நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. மற்றவர்களை எனக்கு முகத்தால்தான் தெரியும். என் நிரந்தர விசாவுக்கு இன்னும் பதில் இல்லை. கல் வைத்தார்களா என்று தெரியாது. கேட்பதற்கு அந்த ஊரில் எனக்கு ஆளில்லை.