என் அளவுகள் கிடந்த இன்னொரு போன்

மருதமுனையில் பெண்களுக்கு அபாயா தைக்கிறேன். அளவுக் கொப்பி கிழிந்ததால், எல்லாருடைய அளவையும் போனில் குறிப்புச் செயலியில் எழுதிவந்தேன். அதைப் போட்டுத் தந்தவள் என் கணவரின் தங்கை. பெருநாளுக்கு முந்திய வாரம் திறந்தால் ஒரு குறிப்பும் இல்லை. அவளிடம் ஓடினேன்.

"மதினி, அது என்ட ஈமெயிலிலதானே போட்டுத் தந்த. உங்கட அளவெல்லாம் என்ட போனிலயும் கிடந்திச்சி. இடம் இல்லெண்டு அடியோட அழிச்சிட்டன். உங்கடயும் போகுமெண்டு தெரியா."

மூன்று வருடமாக அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்கள் என்னை நம்பித் தந்த அளவுகள் அவை. அவளது போனை வீட்டு ஆண்களும் எடுப்பார்கள்.

இப்போது என் சொந்தக் கணக்கில் எழுதி, வெள்ளிதோறும் புதுக் கொப்பியிலும் பிரதி எடுக்கிறேன். மறுபடி அளவு கொடுக்க வந்தவர்களிடம் அழிந்ததை மட்டும் சொன்னேன். எங்கே இருந்தது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.