மலை தாழ்ந்தால் பரீட்சை வருமா?

பிள்ளைகளே, பெரியப்பா நம்ம வீட்டு ஜெபத்துக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் காலையில் நடந்தது மட்டும் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று வாசித்தது, பள்ளங்கள் உயரும், மலைகள் தாழும், ராஜா வரும் பாதை சமமாகும் என்கிற தீர்க்கதரிசனம். பெரியப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். அவர் கண்ணெதிரே ஒரு குன்று கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. மலை தாழ்ந்தாச்சு, இனி உலகத்துக்கு முடிவுதான் என்றார். அப்படின்னா நாளைக்குப் பரீட்சை கிடையாதா என்று உங்களில் பெரியவன் சந்தோஷமாகக் கேட்டான். பாப்பா, நீ மட்டும் சிரிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். சோறும் வேண்டாம் என்றாய்.

நான் ஐடிஐயோடு நின்றவன். வேதத்துக்கு விளக்கம் சொல்லத் தெரியாது. கம்பெனியில் புது மிஷின் இறங்கினால் மட்டம் பார்த்து நிறுத்துவதுதான் என் வேலை. அதனால் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து, நம்ம ஆடுகிற சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். கண்ணாடிக் குழாயில் குமிழி உயர்ந்த பக்கம் ஓடியது. தாழ்ந்த காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தேன். குமிழி நடுவுக்கு வந்தது.

"மிஷினுக்கும் இதேதான் பாப்பா. மட்டம் பார்க்காம சுவிட்சு போட முடியாது. தீர்க்கதரிசி சொன்னது குவாரி மலையை இல்ல, நம்ம மனசுக்குள்ள இருக்கிற மேடு பள்ளத்தை. உலகம் முடியறதப் பத்தி இல்ல, நாம மாறறதப் பத்தி."

உன் கம்பெனி வேலையை வேதத்துக்குள்ளே கொண்டுவந்துட்டியேடா என்றார் பெரியப்பா. நீங்க குவாரியைக் கொண்டு வரலையா அண்ணா என்றேன்.

நீ மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்: "உனக்குள்ள எந்தக் கால் ஒசரம்ப்பா?"

நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் உங்கப்பா பேசின கன்னடத்தைக் கேட்டு ஒருநாள் சிரிச்சிட்டாரு. அதிலிருந்து அவரைப் பார்த்தா உங்கப்பா போன் பேசற மாதிரியே போயிடறாரு."

பெரியப்பாவுக்குப் புரையேறும்வரை சிரிப்பு. நீயும் சிரித்தாய். தட்டை இழுத்துச் சாப்பிட்டுவிட்டு, ஆடாத அந்த மேஜையில் கணக்குப் புத்தகத்தை விரித்தாய். எனக்குப் பெரிய நிம்மதி. முகம் மட்டும் கொஞ்சம் சுட்டது.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்டு. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என் கை தானாகவே போனைத் தேடியது. அதைப் பையிலேயே விட்டுவிட்டு அவர் கேட்டருகே போனேன். "ஊட்டா ஆயித்தா, அண்ணா?" என்றேன். விடிந்தும் விடியாத நேரத்தில் சாப்பாடு ஆச்சா என்று கேட்டிருக்கிறேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நான் நகராமல், அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.