உருளக்கூடாது என்று தாளில் இல்லை

விலாவில் வலித்தபோது வாய்வுக் குத்து என்றுதான் நினைத்தேன். திருகோணமலையில் ஸ்கான் எடுத்தபோது வலது சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. இடது சிறுநீரகம் கல் அடைத்து முன்பே பழுது. வலதையும் முழுதாக எடுத்தால் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் (இரத்தத்தை மெசினில் விட்டுச் சுத்தம் செய்வது) என்றார்கள்.

கனடாவிலுள்ள மகள் சென்னையில் ஏற்பாடு செய்தாள். ரோபோ உதவியோடு கட்டியை மட்டும் வெட்டியெடுத்து, மிகுதியைத் தைத்துக் காப்பாற்றலாம் என்றார் அங்குள்ள டொக்டர்.

“மெசின் தன்ரபாட்டில வெட்டுமோ ஐயா?”

“அது தானா ஒண்ணும் செய்யாதுங்க. பக்கத்துல உக்காந்து நான் கையை அசைச்சாத்தான் அசையும்.”

அந்தக் கைகளை எங்கள் ஊர் அம்மாளின் (அம்மனின்) பொறுப்பில் விட்டேன். சிறுநீரகம் தங்கினால் எங்கள் ஊரான சல்லியில் அம்மன் கோயிலில் பிரதட்டை (கோயில் வீதியைச் சுற்றி உருண்டு வருதல்) செய்வதாக நேர்ந்தேன்.

தங்கியது. வயிற்றில் ஐந்து சிறு துளைகள்தான். மறுநாளே நடந்தேன். ஆறு கிழமைக்கு (வாரத்துக்கு) பாரம் தூக்கக்கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது என்று தாளில் எழுதித் தந்தார்கள். உருளக்கூடாது என்று அதில் இல்லை.

ஊருக்கு வந்ததும் திருவிழா. மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. பிரதட்டைக்குப் புறப்பட்டபோது மனைவி மறித்தாள்.

“காயம் காய்ஞ்சிட்டுதப்பா. நுளம்பு கடிச்ச மாதிரித்தானே கிடக்கு.”

“உள்ளுக்க எட்டிப் பார்த்தனீங்களோ?”

“அம்மாள் பார்த்துக்கொள்ளுவா.”

“அவ பார்ப்பா. நீங்கள்தான் பார்க்கிறியளில்லை.”

உருண்டுபோகையில் பாதி வீதியில் விலா இறுகிப் பிடித்தது. வீட்டுக்கு வந்தால் சிறுநீர் சிவப்பாகப் போனது.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் அசையாமல் கிடந்தேன். உள்ளே தைத்த இடத்தில் கசிவு. நிற்காவிட்டால் சிறுநீரகத்தையே எடுக்கவேண்டி வரலாம் என்றார்கள். பார்க்க வந்த கோயில் ஐயரிடம், நேர்த்தி பாதியில் நிற்கிறதே என்று அழுதேன்.

“அம்மாள் தந்ததை அவவிட்டயே திருப்பிக் குடுக்கப் பார்த்தனீங்கள். சுகமாகி, நடந்து ஒருக்கா சுத்துங்கோ. அது காணும், அம்மாளுக்குப் போதும்.”

ஒன்பதாம் நாள் கசிவு நின்றது. சிறுநீரகம் பிழைத்தது.

இந்த வைத்தியத்துக்குப் போகிறவர்கள் தீமிதிப்பு, காவடி, விரதம், தொழுகை எதுவானாலும் டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எங்கள் நேர்த்திகள் டொக்டர்மாருக்குத் தெரியாது.

முன்பெல்லாம் விடிந்ததும் சாமிப் படத்தில்தான் கண் விழிப்பேன். இப்போது அதற்கு முதல் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கிறேன். தெளிவாக இருந்தால் விளக்கேற்றி, அந்த ஒரு நாளை மட்டும் அம்மாளிடம் கேட்கிறேன்.